குழிப்பந்து

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு இரவு சாவகாசமாகப் படியுங்கள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு இரண்டு நாளாக உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பழைய வாத்தியார்கள் மட்டும் பின்னூட்டத்தில் திருத்தலாம்.

1993ஆம் வருடம். திருப்பூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உராய்வு பாடம். கரும்பலகையில் பெரிதாக இரண்டு வரி எழுதியிருந்தேன். வழவழப்பான பரப்பு, உராய்வு குறைவு. சொரசொரப்பான பரப்பு, உராய்வு அதிகம். அதற்குக் கீழே மீன், விமானம், பறவை என்று படம் போட்டு, "காற்றிலும் தண்ணியிலும் வேகமா போறது எல்லாம் வழவழன்னு இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்தான். டவுசர் பையில் இருந்து ஒரு வெள்ளைப் பந்தை எடுத்தான். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. மேலே முழுக்கச் சின்னச் சின்னக் குழி. அவன் அப்பா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். வெளிநாட்டில் இருந்து வந்த பையர் யாரோ விட்டுப்போன கோல்ஃப் பந்து அது.

"டீச்சர், வழவழன்னு இருந்தாத்தான் நல்லா போகும்னா, இதுல ஏனுங்க குழி போட்டிருக்காங்க?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வயதில் அது வாயில் வரவில்லை. "கைக்குப் பிடிமானம் வேணும்ல, அதுக்குத்தான்" என்றேன்.

அவன் உட்காரவில்லை. "இதைக் கையில பிடிக்க மாட்டாங்களே டீச்சர். தரையில வெச்சுக் குச்சியிலதான அடிப்பாங்க. எங்கப்பா சொன்னாரு."

வகுப்பு சிரித்தது. அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். பந்தைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டேன். மணி அடிக்கும் வரை அவனை வெளியே வெயிலில் நிற்க வைத்தேன். பிறகு வகுப்பு அமைதியாகத்தான் இருந்தது. நல்லா அமைதியாக இருந்தது.

முழுப்பரீட்சை முடிந்தது. ஜூனில் அவன் ஒன்பதாவது போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டேன். பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போய்விட்டான் என்றார்கள். அந்தக் காலத்தில் எட்டாவது முடித்த பையன்களில் பாதிப் பேர் அப்படித்தான் போவார்கள். சனிக்கிழமை சம்பளம் கையில் வரும். நாங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்போம், பெற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவன் வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

முப்பது வருடம் ஓடிவிட்டது. பணி ஓய்வு பெற்றும் பல வருடம் ஆகிறது. போன வருடம் அவிநாசியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தார். காதோரம் நரை.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா? என்னையத் தெரியுதுங்களா?"

"முகம் தெரியுது கண்ணு, பேருதான் வரமாட்டேங்குது."

"குழிப்பந்துங்க டீச்சர்."

பாயசம் தொண்டையில் நின்றுவிட்டது.

கைமடியில் ஆரம்பித்து, ஓவர்லாக் டெய்லராகி, பிறகு நிட்டிங் பக்கம் போய் பிட்டராகி, இப்போது சொந்தமாக நான்கு வட்டப்பின்னல் மிஷின் வைத்திருக்கிறார். (இனி அவர் என்றே எழுதுகிறேன். மனதுக்குள் அவன்தான்.) 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது துணி சாயத்துக்குப் போக முடியாமல் மிஷின் சும்மா நின்றதாம். அப்போது ஒரு மிஷினை விற்றுத்தான் கடனை அடைத்தாராம். அதன் பிறகு பருத்தியை மட்டும் நம்பக் கூடாது என்று பாலியஸ்டர், லைக்ரா என்று விளையாட்டு உடுப்புக்கான துணிக்கு மாறிவிட்டார். எல்லாம் ஜாப் ஒர்க். நூல் கொடுப்பார்கள், பின்னிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.

அடுத்த வாரம் அவர் மிஷின் ஓடும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். கோன் கோனாக நூல், காதை அடைக்கும் சத்தம், தரையெல்லாம் பஞ்சு. இரண்டு துண்டுத் துணியைக் கையில் கொடுத்தார். ஒன்று வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்றில் மெல்லிய வரப்பு வரப்பாக எழும்பியிருந்தது. விரலை ஓட்டினால் சீப்பை நெருடுகிற மாதிரி.

"சைக்கிள் ரேஸ் டிரஸ்ஸுங்க டீச்சர். ஒரு மெர்ச்சன்டைசர் சாம்பிள் கேட்டிருக்காரு. முதுகுக்கு இந்த வழவழத் துணி. கைக்கும் தோளுக்கும் இந்த ரிப்பு. கைதானுங்க முன்னாடி காத்துல மோதுது? அங்க போய்ச் சொரசொரப்பு கேக்கறாங்க. ஏனுங்கன்னு கேட்டா அவருக்கும் தெரியல. டிசைன் அப்படித்தான் வந்திருக்குங்கிறாரு."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அதே கேள்விதானுங்களே?" என்றார். குரலில் குத்தல் ஏதும் இல்லை.

நான் அன்றைக்கும் பதில் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை, "தெரியல கண்ணு, படிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றேன். முப்பது வருடம் தாமதம்.

வீட்டுக்கு வந்து, பேத்தியின் உதவியோடு படிக்க ஆரம்பித்தேன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வரைதான் என் படிப்பு. புரிந்த வரை சொல்கிறேன். பொறியியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

மண் ரோட்டில் பஸ் போவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் காற்று மோதுவது இருக்கட்டும், பின்னால் பாருங்கள். புழுதியும் சருகும் காகிதமும் சுழன்று சுழன்று பஸ்ஸையே துரத்திக்கொண்டு வரும். பஸ் பிளந்துகொண்டு போன காற்று உடனே வந்து ஒன்று சேர முடியாததால் பின்னால் ஒரு வெற்றிடம் மாதிரி, அழுத்தம் குறைந்த இடம் உண்டாகிறது. அந்த இடம்தான் பஸ்ஸைப் பின்னுக்கு இழுக்கிறது. பந்து, கை, கால் மாதிரி உருண்டையான பொருளுக்குக் காற்றுத் தடையில் பெரும்பங்கு இந்தப் பின்பக்க இழுப்புதான். மேற்பரப்பில் காற்று உரசுவதால் வரும் தடை அதில் கொஞ்சம்தான். நான் பலகையில் எழுதியது அந்தக் கொஞ்சத்துக்கு மட்டும் பொருந்தும்.

இப்போது குழிக்கு வருவோம். பந்தைத் தொட்டுக்கொண்டு போகும் காற்று ஒரு மெல்லிய தோல் மாதிரி. வழவழப்பான பந்தில் அந்தத் தோல் அமைதியாக, அடுக்கு அடுக்காகப் போகும். நம் பாடப்புத்தகத்தில் வரிச்சீர் ஓட்டம் என்று வருமே, அதுதான். அதற்குத் தெம்பு குறைவு. பந்தின் பாதியைத் தாண்டுவதற்குள் பிய்த்துக்கொண்டு போய்விடும். பின்னால் பெரிய பள்ளம் விழும். குழியோ வரப்போ இருந்தால் அந்தத் தோல் கலங்கிப் புரளுகிறது. புரளும்போது வெளியே வேகமாகப் போகும் காற்றின் தெம்பு உள்ளே கலக்கிறது. அந்தத் தெம்பில் இன்னும் கொஞ்ச தூரம் பின்பக்கம் வரை ஒட்டிக்கொண்டு போய்த்தான் பிரிகிறது. பின்னால் பள்ளம் சின்னதாகிறது, இழுப்பும் குறைகிறது. சொரசொரப்பால் உரசல் கொஞ்சம் கூடும், நிஜம்தான். ஆனால் பத்து ரூபாய் செலவில் ஐம்பது ரூபாய் மிச்சம்.

இதை முதலில் கண்டுபிடித்தது விஞ்ஞானிகள் இல்லை, கோல்ஃப் ஆடினவர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒரு மரப்பாலைக் காய்ச்சி வழவழப்பான பந்து செய்து ஆடினார்கள். புதுப் பந்தைவிட அடிபட்டு, வெட்டுப்பட்டுக் கிடந்த பழைய பந்து தூரமாகப் போவதைக் கவனித்திருக்கிறார்கள். பிறகு புதுப் பந்தையே சுத்தியலால் கொத்த ஆரம்பித்தார்கள். குழி போட்ட பந்துக்கு இங்கிலாந்தில் வில்லியம் டெய்லர் காப்புரிமை வாங்கியது 1905இல். குழியே இல்லாத பந்தை அதே அடி அடித்தால் ஏறக்குறைய பாதி தூரம்தான் போகுமாம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு அற்ப ஆறுதல் கிடைத்தது. என்னைவிடப் பெரிய மனிதர்களும் இதே இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள். பாரிஸ் கோபுரம் கட்டிய ஈபில் தெரியும் அல்லவா? அவர் கடைசிக் காலத்தில் காற்றுச் சுரங்கம் கட்டி அதில் பொருள்களை வைத்துக் காற்றுத் தடையை அளந்துகொண்டிருந்தார். 1912இல் உருண்டைக்கு அவர் அளந்த தடை, ஜெர்மனியில் கோட்டிங்கன் ஊர்ப் பேராசிரியர்கள் அளந்ததில் பாதிகூட இல்லை. கிழவர் கணக்கில் எங்கேயோ தப்பு செய்துவிட்டார் என்று அங்கே நினைத்தார்கள். ஈபில் பல வேகத்தில் மறுபடி அளந்து காட்டினார். ஒரு வேகம் தாண்டியதும் தடை சட்டென்று விழுகிறது. கோட்டிங்கன்காரர்கள் அந்த வேகத்துக்குப் போகவே இல்லை. ஏன் விழுகிறது என்று பிறகு கண்டுபிடித்தவரும் அதே கோட்டிங்கன் பிரான்ட்டில்தான். 1914இல் வழவழப்பான உருண்டையில் மெல்லிய கம்பி வளையம் ஒன்றைச் சுற்றி வைத்தார். கம்பி இடைஞ்சல்தானே? தடை கூட வேண்டும். குறைந்தது.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விட மனசில்லை. காற்றுச் சுரங்கம் வருவதற்கு முன்னால் காற்றுத் தடையை எப்படி அளந்தார்கள்? ஒரு நீளமான கையின் நுனியில் பொருளை மாட்டி, ராட்டினம் மாதிரி சுற்றவிட்டு அளந்தார்கள். அந்தச் சுழல் கையை உண்டாக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். சுழலும் குண்டு பக்கவாட்டில் விலகிப்போகும் என்று துப்பாக்கிக் குழலை வளைத்துச் சுட்டுக்காட்டியவரும் அவர்தான். ஃபுட்பால் வளைந்து போவதற்கும் டென்னிஸ் பந்து தாழ்ந்து விழுவதற்கும் அதுதான் காரணம். நூறு வருடம் கழித்து வந்த மேக்னஸ் பெயரில் அதைச் சொல்கிறோம். அந்த ராபின்ஸ் 1751இல் எங்கே காலமானார் தெரியுமா? நம்ம கடலூரில். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்ய வந்தவர், புனித டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு மூன்று முறை பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன். ஒரு தடவைகூட இது எனக்குத் தெரியாது. முதல் காற்றுச் சுரங்கம் அதற்கு நூற்றிருபது வருடம் கழித்து, 1871இல், வென்ஹாம் என்பவர் இங்கிலாந்தில் கட்டியது.

சரி, படித்தது போதும், செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். நாலங்குல பிவிசி பைப், அளந்தால் 110 மில்லிமீட்டர் அகலம், நம் மேல்கை அளவுக்கு வரும். அதைத் திண்ணையில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். எதிரே ஸ்டாண்டு ஃபேன். காற்று எவ்வளவு தூரம் பைப்பைத் தள்ளுகிறது என்று சுவரில் ஸ்கேல் வைத்துப் பார்ப்பது. முதலில் வெறும் பைப், பிறகு வரப்புத் துணி சுற்றிய பைப்.

வித்தியாசமே இல்லை. இரண்டு தடவை வரப்புத் துணிதான் கூடத் தள்ளிப்போனது.

உண்மையைச் சொல்கிறேன். அப்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. நான் பலகையில் எழுதியது சரிதானோ என்று. அறுபது வயது தாண்டியும் அந்த டீச்சர் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்.

என்னுடன் வேலை பார்த்த ஒரு டீச்சரின் மகள் கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் விமானப் பொறியியல் பேராசிரியை. அவளுக்குப் போன் போட்டேன். சிரித்துவிட்டாள். "பெரியம்மா, உங்க ஃபேன் காத்துக்கு வேகம் பத்தாது" என்றாள்.

அவள் சொல்லிக்கொடுத்த கணக்கு இது. காற்றின் வேகத்தைப் பொருளின் அகலத்தால் பெருக்கி, காற்றின் பிசுபிசுப்பைக் குறிக்கும் ஒரு எண்ணால் வகுக்க வேண்டும். அதற்கு ரெனால்ட்ஸ் எண் என்று பெயர். என் ஃபேன் காற்று விநாடிக்கு 4 மீட்டர் என்று வைத்தால் அந்த எண் கிட்டத்தட்ட 30,000. வழவழப்பான உருளையில் காற்றுத் தோல் தானாகவே கலங்கித் தடை விழுவதற்கு ஏறக்குறைய 3 லட்சம் வர வேண்டும். என் பைப்புக்கு அது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம். எந்தச் சைக்கிள்காரனும் சமதரையில் அப்படிப் போக முடியாது. சொரசொரப்பு என்ன செய்கிறது என்றால், அந்த விழுச்சியை 1 லட்சத்துக்கு, அதற்கும் கீழே இழுத்துக்கொண்டு வருகிறது. அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர் பக்கம். நல்ல ரேஸ்காரர்கள் போகும் வேகம். அதனால்தான் கைக்கு வரப்பு. என் திண்ணையில் இரண்டு பைப்பும் அந்த எல்லைக்குக் கீழேயே நின்றுவிட்டன. கோட்டிங்கன் பேராசிரியர்கள் நின்ற அதே இடம்!

இந்த எண்ணில் ஒரு வேடிக்கை. தண்ணீரில் அதே எண் வருவதற்குக் காற்றைப்போல் பதினைந்தில் ஒரு பங்கு வேகம் போதும். அதனால் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு ஸ்பீடோ கம்பெனி நீச்சலுடைக்குத் துணி தேடியபோது, நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் துணிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துத்தான் சோதித்தார்கள். தண்ணிக்குப் போகிற துணிக்குக் காற்றில் பரீட்சை. அந்த உடையைப் போட்டவர்கள் சாதனை மேல் சாதனையாக உடைக்க, 2010இல் அந்த மாதிரி உடைகளுக்கே தடை வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் கோவை கிளம்பினோம். அவர் தன் பவர் டேபிளில் பைப்புக்கு அளவாக மூன்று உறை தைத்துக்கொண்டு வந்திருந்தார், சட்டைக் கை மாதிரி. ஒன்று வழவழத் துணி, ஒன்று வரப்பு, இன்னொன்று தடிப்பான கட்டம் போட்ட துணி. மூன்றாவது யாரும் கேட்காதது. "எவ்வளவு சொரசொரப்பு வரைக்கும் போலாம்னு பாக்கலாமுங்களே" என்றார்.

காற்றுச் சுரங்கம் என்றதும் நான் மலையைக் குடைந்த மாதிரி ஏதோ நினைத்திருந்தேன். பெரிய ஊமத்தம்பூ மாதிரி ஒரு வாய். உள்ளே தேன்கூடு போல அறை அறையாக ஒரு சல்லடை, காற்றின் சுழலை நேராக்க. பிறகு குறுகி, நடுவில் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி. அகலம், உயரம் இரண்டும் 60 சென்டிமீட்டர். கடைசியில் பெரிய விசிறி, காற்றை இந்தப் பக்கம் இருந்து உறிஞ்சுகிறது. பொருள் நிற்கும், காற்று ஓடும். அவ்வளவுதான். பைப்பைப் பெட்டியின் தரையில் இருந்து மேல்வரை செங்குத்தாக நிறுத்தினார்கள். பைப் நிற்கும் தண்டு ஒரு தராசில் இணைந்திருக்கிறது. காற்று எவ்வளவு பின்னே தள்ளுகிறது, எவ்வளவு பக்கவாட்டில் தள்ளுகிறது என்று இரண்டு எண் காட்டும்.

பேராசிரியை முதலிலேயே எச்சரித்துவிட்டாள். "சுரங்கம் சின்னது, உங்க பைப் பெரிசு. காத்து ஓரத்துல நெருக்கிட்டுப் போகும். அதனால இந்த எண்ணை அப்படியே எழுதி வெச்சுக்காதீங்க. ஒண்ணோட ஒண்ணை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்க." எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. தெரியாததைத் தெரியாது என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டாள்.

முதலில் வழவழ உறை. விசிறி ஓடியது, மில் மோட்டார் சத்தம். பின்னே தள்ளும் எண் ஏறிக்கொண்டே போனது. ஆனால் பக்கவாட்டு எண்ணும் ஏறியது. பைப் ஒரு பக்கமாகச் சாய்க்கப்படுகிறது. பேராசிரியை நெற்றியைச் சுருக்கினாள். தராசில் கோளாறோ என்று நிறுத்திப் பார்த்தாள்.

அவர் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். "தையலு ஒரு சைடா வந்துருச்சுங்க மேடம்."

உறையின் தையல் பின்பக்கம் வர வேண்டியது, மாட்டும்போது திரும்பி முன்பக்கம் ஒரு ஓரமாக நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மட்டும் தையல் காற்றைக் கலக்கியிருக்கிறது. அந்தப் பக்கக் காற்று ஒட்டிக்கொண்டு பின்னால் வரை போக, மறுபக்கக் காற்று முன்கூட்டியே பிரிய, பைப் ஒரு பக்கம் தள்ளப்படுகிறது.

"இதாங்க ஸ்விங்" என்றாள் பேராசிரியை. கிரிக்கெட் பந்து வளைவது இதே கதைதானாம். தையலைச் சாய்த்துப் போட்டால் ஒரு பக்கக் காற்று தையலில் இடறிக் கலங்குகிறது, மறுபக்கம் அமைதியாகப் போய்ச் சீக்கிரம் பிரிகிறது. அந்தப் பக்கத்தைத்தான் பேன்ட்டில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைக்கிறார்கள். ரவீந்திர மேத்தா என்பவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நண்பர்களோடு சேர்ந்து காற்றுச் சுரங்கத்தில் பந்தை வைத்து அளந்து 1983இல் நேச்சர் இதழில் எழுதினார். பிறகு நாசாவுக்குப் போய்விட்டார். தையல் 20 டிகிரி சாய்ந்து, மணிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் போட்டால் நன்றாக வளையும் என்பது அவர் அளந்தது. நம் நாட்டிலும் கான்பூர் ஐஐடியில் தேஷ்பாண்டே, ஷாக்யா, மிட்டல் மூவரும் தையல் என்ன செய்கிறது என்று காற்றுச் சுரங்கத்தில் ஆராய்ந்து 2018இல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கண்ணாடிக்குள் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தையலைப் பின்னுக்குத் திருப்பி மறுபடி ஓட்டினார்கள். வழவழ உறைக்கு எண் வேகத்தோடு ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. விநாடிக்கு 15 மீட்டரில் ஒரு கிலோ எடை அழுத்துகிற மாதிரி.

வரப்பு உறை. ஆரம்பத்தில் அதே கதை. எண் ஏறுகிறது. 30 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர். நான் அவரைப் பார்க்கவில்லை. பேராசிரியை வேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். எண் நின்றது. இன்னும் கூட்டினாள்.

எண் குறைந்தது.

காற்று வேகமாகிறது, தள்ளும் விசை குறைகிறது. கண்ணால் பார்த்தேன். மறுபடி ஓட்டச் சொன்னேன். மூன்று தடவை ஓட்டினாள். மூன்று தடவையும் அதே இடத்தில் இறங்கியது. தடித்த கட்டத் துணிக்கும் இறங்கியது, இன்னும் சீக்கிரமாகவே. ஆனால் கொஞ்சம்தான் இறங்கியது, அதற்குப் பிறகு மளமளவென்று ஏறிவிட்டது. "ரொம்பச் சொரசொரப்பும் ஆகாதுங்க" என்று அவரே சொல்லிக்கொண்டார். செல்போனில் ஒவ்வொரு எண்ணையும் படம் பிடித்துக்கொண்டார்.

டீ குடிக்கும்போது பேராசிரியை ஒரு விஷயம் சொன்னாள். 2017 டூர் தி பிரான்ஸ் பந்தயத்தின் முதல் நாள், ஜெர்மனியில் 14 கிலோமீட்டர் தனியோட்டம். டீம் ஸ்கை ஆட்கள் கையிலும் தோளிலும் புள்ளி புள்ளியாக எழும்பிய உடுப்புப் போட்டு வந்தார்கள். அவர்களில் ஜெரைன்ட் தாமஸ் ஜெயித்தார். மற்ற அணிகள் புகார் செய்தன. பிறகு உலக சைக்கிள் சங்கம் விதி போட்டது. துணியில் மேடு பள்ளம் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதுவும் மேலே எதையாவது ஒட்டி வரக் கூடாது, நூலிலும் நெசவிலும் தையலிலும்தான் வர வேண்டும்.

"அப்ப பின்னல்லயே கொண்டு வரணும்" என்றார் அவர். முகத்தில் ஒரு வெளிச்சம். "அது நம்ம வேலைதானுங்க."

"கூலி கூடக் கேளு கண்ணு" என்றேன்.

"கிலோவுக்குத்தானுங்க டீச்சர் ரேட்டு. வரப்புக்குத் தனி ரேட்டு இல்லீங்க. மிஷினு மெதுவா ஓடும், எனக்குத்தான் நட்டம்."

பேராசிரியையும் உடனே ஒன்று சொன்னாள். காற்றுச் சுரங்கத்தில் ஜெயிப்பது எல்லாம் களத்தில் ஜெயிக்காது. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பனிச்சறுக்கு வேக ஓட்டக்காரர்களுக்கு, விமானக் கம்பெனியான லாக்ஹீட் மார்ட்டின் உதவியோடு காற்றுச் சுரங்கத்தில் சோதித்துப் புது உடை தைத்தார்கள். பெரிய ஓடுதளப் போட்டிகளில் ஒரு பதக்கம்கூட வரவில்லை. பாதியில் பழைய உடைக்கு மாறிப் பார்த்தார்கள், அப்போதும் வரவில்லை. பைப் அசையாமல் நிற்கும், மனுஷன் கை அசையும் என்றாள்.

திரும்பி வரும்போது அவர்தான் கார் ஓட்டினார். கருமத்தம்பட்டி தாண்டும் வரை பேசவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு கண்ணு. உன்னைய வெளிய நிக்க வெச்சது அதைவிடத் தப்பு. அந்தப் பந்தைத் திருப்பிக் குடுத்தேனா இல்லையான்னுகூட எனக்கு நினைவில்ல."

"குடுக்கலீங்க டீச்சர்."

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் நானே கேட்டேன், "அதனாலதான் பள்ளிக்கூடத்தை நிறுத்தினியா?"

"அதனால மட்டும் இல்லீங்க டீச்சர். அப்பாவுக்கு அப்ப முதுகு புடிச்சுப் படுத்துட்டாரு. வட்டி வேற. நான் போயே ஆகணுமுங்க."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். அந்த 'மட்டும்' அவர் வாயில் தெரியாமல் வந்துவிட்டது. நான் அதை எடுத்துக்கொண்டேன். என்னுடையதுதான் அது.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. சாம்பிள் போயிருக்கிறது, பையரிடம் இருந்து இன்னும் பதில் இல்லை. கோல்ஃப் பந்து ஒன்று இணையத்தில் வாங்கி அவர் மகளிடம் கொடுத்தேன். எட்டாவது படிக்கிறாள். வாங்கியதும் நகத்தால் குழியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு எத்தனை குழி என்று எண்ண ஆரம்பித்தாள்.

நேற்று இரவு பத்து மணிக்கு அவரிடம் இருந்து போன்.

"டீச்சர், தூங்கிட்டீங்களா? ஒரு சந்தேகமுங்க. தையலு ஒரு சைடு இருந்தா அந்தப் பக்கம் காத்து ஒட்டுதுல்லங்க? அப்ப கைக்கு ரெண்டு பக்கமும் சமமா, முன்னாடியே ரெண்டு தையல் போட்டுட்டா வரப்பே வேண்டாமுங்களே? பேட்லாக்குல ஒரு ஓட்டு ஓட்டுனாப் போதும். மிஷினு வேகத்தைக் குறைக்க வேண்டியதில்ல."

"தெரியல கண்ணு" என்றேன். "உறை தைச்சு வை. சனிக்கிழமை சுரங்கம் காலியா இருக்கான்னு கேக்கறேன்."